வயிற்றுக்குள் ஏற்றிய ரத்தமும் ஆச்சி கேட்ட கேள்வியும்

"ஏன் சார், வயித்துக்குள்ள இருக்கும்போதே ஊரான் ரத்தத்த ஏத்திப்புட்டாங்களே... பிள்ளைக்கு நாளைக்குப் புத்தி ஒழுங்கா வருமா?"

சங்கரன்கோவிலில் ஒரு புதன்கிழமை. தடுப்பூசி நாள். 45 நாள் பேரனை மடியில் வைத்துக்கொண்டு ஒரு ஆச்சி என்னிடம் கேட்ட கேள்வி இது.

பக்கத்தில் பிள்ளையின் அம்மா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனசிலும் அதே கேள்விதான். ஆச்சிக்குக் கேட்கத் தைரியம் இருந்தது, அவ்வளவுதான்.

அன்றைக்கு ஓபி கூட்டத்தில் இரண்டு வரியில் பதில் சொல்லி அனுப்பினேன். ஆனால் அந்தக் கேள்விக்கான முழு பதிலுக்குப் பின்னால் பெரிய வரலாறு ஒன்று இருக்கிறது. அதைத்தான் இந்த நீண்ட பதிவில் சொல்லப் போகிறேன். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். வீட்டில் கர்ப்பிணி யாராவது இருந்தால் கட்டாயம் வாசியுங்கள்.

(குடும்பத்தின் அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

முதலில் அந்த அம்மாவின் கதை.

அவருக்கு ரத்த வகை பி நெகட்டிவ். கணவர் பாசிட்டிவ். முதல் பிரசவம் வேறொரு ஊரில். சுகப்பிரசவம், பிள்ளையும் நன்றாக இருக்கிறது. ஆனால் பிரசவம் முடிந்ததும் போட வேண்டிய ஆன்டி-டி ஊசி போட்டதாக எந்தச் சீட்டிலும் குறிப்பு இல்லை.

இரண்டாவது பிள்ளை ஏழாம் மாதம் வயிற்றிலேயே இறந்து போனது. உடம்பெல்லாம் நீர் கோத்து வீங்கி இருந்ததாம்.

அதற்கப்புறம் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். "ராசி இல்லாதவ", "தோஷம்" என்று ஆளாளுக்கு ஒன்று. பேசியவர்கள் யாரும் அவருடைய ரத்த வகை என்ன என்று கேட்கவில்லை.

மூன்றாவது கர்ப்பத்தில் சீக்கிரமே கண்டுபிடித்து, ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைக்கு வயிற்றுக்குள்ளேயே மூன்று முறை ரத்தம் ஏற்றினார்கள். அந்தப் பேரன்தான் ஆச்சி மடியில் இருந்தவன்.

சரி, வயிற்றுக்குள் அப்படி என்னதான் நடக்கிறது?

நம் சிவப்பணுக்களின் மேல் 'டி' என்று ஒரு புரதம் இருந்தால் பாசிட்டிவ். இல்லை என்றால் நெகட்டிவ். ஐரோப்பியர்களில் 100-க்குச் சுமார் 15 பேர் நெகட்டிவ். இந்தியாவில் சுமார் 5 பேர். கேட்க சின்ன எண்தான். ஆனால் நம் ஊர் மக்கள்தொகைக்கு அந்த 5 என்பது கோடிக்கணக்கில் போகும்.

அம்மா நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ். பிரசவ நேரத்தில் குழந்தையின் ரத்தம் கொஞ்சம் அம்மாவின் ரத்தத்தில் கலந்துவிடும். அம்மாவின் உடம்பு, "இது யாருடா புது ஆள்?" என்று அதை எதிர்க்கும் ஆன்டிபாடியைத் தயார் செய்து வைத்துக்கொள்ளும். முதல் பிள்ளை அதற்குள் வெளியே வந்துவிடுவதால் பெரும்பாலும் தப்பித்துவிடும்.

அடுத்த பிள்ளையும் பாசிட்டிவ் என்றால்? அந்த ஆன்டிபாடிகள் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய் குழந்தையின் சிவப்பணுக்களை உடைக்கும். ரத்தசோகை வரும். முற்றினால் குழந்தையின் இதயம் தளர்ந்து உடம்பு முழுக்க நீர் கோத்துக்கொள்ளும். இதற்குப் பெயர் ஹைட்ராப்ஸ்.

இந்த நோய் நேற்று வந்ததல்ல. 1609-இல் பிரான்ஸில் லூயிஸ் பூர்ஷுவா என்ற மருத்துவச்சி ஓர் இரட்டைப் பிரசவத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரு குழந்தை நீர் கோத்து வீங்கி இறந்தது. இன்னொன்று மஞ்சள் பூத்து இறந்தது. இரண்டும் ஒரே நோயின் இரண்டு முகங்கள் என்று டாக்டர்கள் புரிந்துகொள்ள 1932 வரை ஆனது. மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேல்!

அப்போதும் காரணம் தெரியவில்லை. 1939-இல் நியூயார்க்கில் லெவின், ஸ்டெட்சன் என்ற இருவர் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார்கள். இறந்த குழந்தையைப் பெற்ற அவருக்குக் கணவரின் ரத்தத்தை ஏற்றியதும் கடுமையான ஒவ்வாமை. இரண்டு பேருக்கும் ஏபிஓ வகை பொருந்தித்தான் இருந்தது. அப்படியென்றால் நமக்குத் தெரியாத வேறு ஒரு வகை இருக்க வேண்டும் அல்லவா? அடுத்த ஆண்டே லேண்ட்ஸ்டெய்னரும் வீனரும் ரீசஸ் குரங்கின் ரத்தத்தை வைத்துச் செய்த ஆய்வில் அந்தக் காரணிக்குப் பெயர் வைத்தார்கள். அதுதான் ஆர்எச்.

காரணம் தெரிந்துவிட்டது. வைத்தியம்?

1940-களில் ரத்த மாற்று சிகிச்சை வந்தது. பிறந்த குழந்தையின் தொப்புள் நாளம் வழியாகக் கெட்டுப்போகும் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, நல்ல ரத்தத்தைக் கொடுப்பது.

இது உயிரை மட்டும் காப்பாற்றவில்லை. சிவப்பணு உடையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் வெளியே வரும். அளவு மீறினால் அது மூளையில் படிந்துவிடும். அப்படிப் பாதிக்கப்பட்ட குழந்தைகள் பிழைத்தாலும் காது கேட்காது. கை கால் தன் கட்டுப்பாட்டில் இருக்காது. ஆச்சி பயந்தது வீண் பயம் இல்லை, பாருங்கள். இந்த நோய்க்கு மூளையைத் தொடும் குணம் உண்டு.

ஆனால் ரத்த மாற்றம் செய்யக் குழந்தை முதலில் உயிரோடு பிறக்க வேண்டுமே. ஏழாம் மாதமே வயிற்றில் இறந்துபோகும் குழந்தையை என்ன செய்வது?

இங்கேதான் நியூசிலாந்துக்காரர் ஒருவர் வருகிறார்.

வில்லியம் லைலி. ஆக்லாந்து நேஷனல் விமன்ஸ் ஆஸ்பத்திரி. பனிக்குட நீரைக் கொஞ்சம் எடுத்து, அதன் மஞ்சள் அளவை வைத்துக் குழந்தை எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று கணிக்கும் முறையை 1961-இல் வெளியிட்டவர்.

அப்படி நீர் எடுக்கும்போது ஊசி எப்போதாவது தவறிக் குழந்தையின் வயிற்றுக்குள் போய்விடுவதுண்டு. அந்தச் சமயத்தில், ஆப்பிரிக்காவில் ரத்தசோகை உள்ள குழந்தைகளுக்கு நாளம் கிடைக்காதபோது வயிற்றறைக்குள் ரத்தத்தை விடுகிறார்கள், உடம்பு அதை உறிஞ்சிக்கொள்கிறது என்ற செய்தி அவர் காதுக்கு வந்தது. லைலி இரண்டையும் சேர்த்து யோசித்தார். தவறிப் போகும் ஊசியை வேண்டுமென்றே அனுப்பினால் என்ன?

ஒன்றை நினைவில் வையுங்கள். அன்றைக்கு அவர் கையில் ஸ்கேன் கிடையாது. எக்ஸ்ரே மட்டும்தான். முதல் நாள் பனிக்குட நீரில் எக்ஸ்ரேயில் தெரியும் ஒரு சாயத்தைச் செலுத்துவார். குழந்தை அதை விழுங்கும். மறுநாள் எக்ஸ்ரேயில் குழந்தையின் குடல் தெரியும். அதைக் குறி வைத்து அம்மாவின் வயிறு வழியாக நீளமான ஊசி.

முதல் மூன்று குழந்தைகளும் இறந்துபோயின.

நான்காவது குழந்தை 1963 செப்டம்பரில் உயிரோடு பிறந்தது.

கருவில் இருக்கும் குழந்தையையும் ஒரு நோயாளியாக நினைத்து வைத்தியம் பார்க்கலாம் என்று உலகம் நம்பத் தொடங்கியது அதற்கு அப்புறம்தான். அந்த நம்பிக்கைக்கு முதலில் விலை கொடுத்தவர்கள் பெயர் தெரியாத அந்த மூன்று அம்மாக்கள்.

லைலியின் முறையில் ஒரு குறை. ஹைட்ராப்ஸ் வந்த குழந்தையின் வயிற்றறை ரத்தத்தைச் சரியாக உறிஞ்சாது. யாருக்கு மிக அவசரமோ அவர்களுக்கே பலன் குறைவு.

1981-இல் லண்டனில் ரோடெக் மெல்லிய குழாய்க் கருவி வழியாகப் பார்த்து நேராகக் குழந்தையின் ரத்த நாளத்திலேயே ஏற்றிக் காட்டினார். அடுத்து கோபன்ஹேகன், பாரிஸ் டாக்டர்கள் ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே தொப்புள் கொடியில் ஊசி போடும் வழியைக் கொண்டு வந்தார்கள். இன்றும் அந்த வழிதான்.

எவ்வளவு நுட்பமான வேலை தெரியுமா? 22 வாரக் குழந்தை அரைக் கிலோதான் இருக்கும். தொப்புள் கொடியின் நாளம் சில மில்லிமீட்டர் அகலம். ஸ்கேனைப் பார்த்தபடி அதற்குள் ஊசியை நிறுத்தி, ஓ நெகட்டிவ் சிவப்பணுக்களை மில்லி மில்லியாக ஏற்ற வேண்டும். அதுவும் அம்மாவின் ரத்தத்தோடு பொருத்திப் பார்த்து, கதிர்வீச்சு கொடுத்து, அடர்த்தியாக்கப்பட்ட சிவப்பணுக்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை திரும்பச் செய்ய வேண்டி வரும்.

2000-இல் இன்னொரு பெரிய திருப்பம். ரத்தசோகை வந்தால் ரத்தம் நீர்த்துப்போகும். நீர்த்த ரத்தம் வேகமாக ஓடும். குழந்தையின் மூளைக்குப் போகும் ஒரு ரத்தக் குழாயில் அந்த வேகத்தை டாப்ளர் ஸ்கேனில் அளந்தாலே ரத்தசோகையைக் கண்டுபிடிக்கலாம் என்று மாரி என்ற டாக்டரும் அவருடைய குழுவும் நிரூபித்தார்கள். ஊசியே இல்லாமல்!

இத்தனை வருடமும் டாக்டர்கள் கேட்ட கேள்வி, "குழந்தை பிழைக்குமா?"

ஆச்சி கேட்டது அடுத்த கேள்வி. "பிழைத்த குழந்தை எப்படி வளரும்?"

இதற்குப் பதில் சொல்ல ஊசி, ஸ்கேன் எல்லாம் போதாது. வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். குழந்தைகளைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சோதிக்க வேண்டும். அந்த வேலையைப் பெரிய அளவில் செய்தவர்கள் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக மருத்துவமனைக்காரர்கள். அந்த நாட்டில் இந்தச் சிகிச்சை தேவைப்படும் கர்ப்பிணிகள் அங்கேதான் அனுப்பப்படுகிறார்கள். அதனால் குழந்தைகளின் விவரமும் ஒரே இடத்தில் இருந்தது. ஆய்வுக்கு அவர்கள் வைத்த பெயர் 'லோட்டஸ்'. நம்ம ஊர் தாமரை! முடிவு வெளிவந்தது 2012-இல்.

வயிற்றுக்குள் ரத்தம் ஏற்றப்பட்டுப் பிழைத்த 291 குழந்தைகள். நடு வயது சுமார் 8. பள்ளிக்கூடம் போகிற வயசு. ஒவ்வொருவருக்கும் நரம்பியல் பரிசோதனை, அறிவு வளர்ச்சிப் பரிசோதனை, காது பற்றிய விவரம்.

முடிவு என்ன?

291 பேரில் 277 பேருக்குப் பெரிய வளர்ச்சிக் குறைபாடு எதுவும் இல்லை.

14 பேருக்கு இருந்தது. அதாவது 4.8%. பிரித்துச் சொன்னால், மூளை வாதம் 6 பேருக்கு, கடுமையான அறிவு வளர்ச்சித் தாமதம் 9 பேருக்கு, இரண்டு காதும் கேளாமை 3 பேருக்கு. சிலருக்கு ஒன்றுக்கு மேல் இருந்ததால் கூட்டினால் 14-ஐத் தாண்டும்.

இதைக் கூட்டாமல் குறைக்காமல் புரிந்துகொள்வோம். எந்தச் சிகிச்சையும் இல்லாத சாதாரணக் குழந்தைகளிலும் இத்தகைய அறிவுப் பரிசோதனையில் 100-க்கு இரண்டு பேர் அந்தக் கடைசிக் கோட்டுக்குக் கீழேதான் வருவார்கள். ஆகவே அந்த 9 பேர் என்பது பெரிய வித்தியாசம் இல்லை. மூளை வாதம் அப்படி இல்லை. பொதுவாக 1000 குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்கு வருவது, இங்கே 100-க்கு இரண்டு. வித்தியாசம் இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது.

சரி, பாதிக்கப்பட்டவர்கள் யார்?

இந்தப் பதிவு முழுக்க மறந்து போனாலும் இதை மட்டும் மறக்காதீர்கள். ரத்தம் ஏற்றுவதற்கு முன்னாலேயே கடுமையான ஹைட்ராப்ஸ் வந்துவிட்ட குழந்தைகளுக்குத்தான் ஆபத்து பல மடங்கு. ஆய்வில் வந்த கணக்கு சுமார் 11 மடங்கு. பாதிக்கப்பட்டவர்கள் எண்ணிக்கை குறைவு என்பதால் 11 என்பதை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அது காட்டும் திசை தெளிவானது.

குழந்தையைப் பாதிப்பது ஊரான் ரத்தம் இல்லை, ஆச்சி. ஊரான் ரத்தம் வந்து சேரத் தாமதமானால்தான் பாதிப்பு.

ரத்தசோகை முற்றி, இதயம் தளர்ந்து, மூளைக்குப் போகும் ஆக்சிஜன் குறைந்த பிறகு ஏற்றினால், போன உயிரைப் பிடித்து நிறுத்தலாம். நடந்த சேதத்தை முழுசாகத் திருப்ப முடியாது. நீர் கோக்கும் முன்பே ஏற்றிவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் மற்ற பிள்ளைகளைப் போலவே வளர்கிறார்கள். பிழைப்பதும் கூடிக்கொண்டே வருகிறது. அதே லைடனில் 2000 வரைக்கும் 89% ஆக இருந்தது, 2001-க்குப் பிறகு 97% ஆனது.

"அதெல்லாம் வெளிநாட்டுல சார். நமக்கு எங்க?" என்று கேட்பீர்கள்.

டெல்லி எய்ம்ஸ், புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சிஎம்சி, சென்னையின் கரு மருத்துவ மையங்கள் என்று நம் நாட்டிலும் இந்தச் சிகிச்சை பல வருடங்களாக நடக்கிறது. 2023-இல் எய்ம்ஸில் நடந்தது ஒரு படத்துக்கான கதை. ஏழு குழந்தைகளை வரிசையாக இழந்த ஒரு தாய், எட்டாவது கர்ப்பம். அவருடைய ரத்தத்தில், கிட்டத்தட்ட எல்லோருக்கும் இருக்கும் ஒரு ஆர்எச் புரதம் இல்லை. சாதாரண ஓ நெகட்டிவ் கூடப் பொருந்தாது. கடைசியில் ஜப்பானிலிருந்து ரத்தம் வரவழைத்துக் கருவில் இருந்த குழந்தைக்கு ஏற்றினார்கள். பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது.

யோசித்துப் பாருங்கள். முகம் தெரியாத ஒரு ஜப்பான்காரர் கை நீட்டிக் கொடுத்த ரத்தம், டெல்லியில் பிறக்காத பிள்ளையின் இதயத்தை ஓட வைத்திருக்கிறது. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் என்று நம் ஊரில் ஒரு பழமொழி சொல்வார்களே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா?

இப்போது மீண்டும் நம் 45 நாள் பையனிடம் வருவோம்.

தடுப்பூசிக்கு முன் அவனைப் பார்த்தேன். மஞ்சள் இல்லை. ஆனால் உள்ளங்கால் வெளுத்திருந்தது. பால் குடிக்கும்போது சீக்கிரம் களைத்துப் போகிறான் என்றார் அம்மா. ஹீமோகுளோபின் பார்த்தால் 7-க்கும் கீழே.

இது பலருக்குத் தெரியாத விஷயம். வயிற்றுக்குள் திரும்பத் திரும்ப ரத்தம் ஏற்றும்போது குழந்தையின் எலும்பு மஜ்ஜை, "அதான் வெளியிலிருந்து வருதே" என்று வேலையைக் குறைத்துக்கொள்ளும். பிறந்த பிறகு ஏற்றிய ரத்தம் மெல்லத் தீரும். அம்மாவின் ஆன்டிபாடிகள் இன்னும் மிச்சம் இருக்கும். மஜ்ஜை விழிக்க வாரக்கணக்கில் ஆகும். அதனால் வீட்டுக்கு நன்றாகப் போன குழந்தைக்கு ஒன்றிரண்டு மாதத்தில் சத்தமில்லாமல் ரத்தசோகை வரும். முதல் மூன்று மாதம் அடிக்கடி ஹீமோகுளோபின் பார்த்தே ஆக வேண்டும். "பிள்ளை வெள்ளையா இருக்கான்" என்று சந்தோஷப்பட்டு விட்டுவிடக் கூடாது. நீங்களாக இரும்புச் சத்து சொட்டு மருந்து வாங்கிக் கொடுக்கவும் கூடாது. இந்தக் குழந்தைகள் பலருக்கு உடம்பில் இரும்பு ஏற்கெனவே அதிகமாக இருக்கும்.

அன்றைக்கே திருநெல்வேலிக்கு அனுப்பினோம். ஒரு முறை ரத்தம் ஏற்றினார்கள். பிறகு பெரா என்ற காது கேட்கும் பரிசோதனை, மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்தில் வளர்ச்சிப் பரிசோதனை. அவை எல்லாம் அரசில் இலவசம்தான்.

கடைசியாக ஒரு கேள்வி. இவ்வளவு பாடும் தேவையா? தேவையே இல்லை. அதுதான் எனக்கு ஆற்றாமை.

1960-களிலேயே லிவர்பூலிலும் நியூயார்க்கிலும் இரண்டு குழுக்கள் இந்த நோயைத் தடுக்கும் வழியைக் கண்டுபிடித்துவிட்டன. அம்மாவின் உடம்பு எதிர்ப்பைக் கற்றுக்கொள்வதற்கு முன்னாலேயே, தயாராக உள்ள ஆன்டி-டியை ஊசியாகப் போட்டுவிட்டால் கலந்துபோன குழந்தை ரத்தத்தை அது துடைத்துவிடும். 1968-இல் அமெரிக்காவில் விற்பனைக்கே வந்துவிட்டது. ஊசி இல்லையென்றால், பாசிட்டிவ் குழந்தையைப் பெறும் நெகட்டிவ் தாய்மார்களில் 100-க்குச் சுமார் 16 பேருக்கு ஆன்டிபாடி உருவாகும். பிரசவம் ஆனதும் போட்டால் ஒன்றிரண்டு பேருக்கு. 28-ஆம் வாரமும் சேர்த்துப் போட்டால் அதையும்விடக் குறைவு.

அந்த ஊசிக்காக ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்பவர் 1,173 முறை பிளாஸ்மா தானம் செய்தார். 14 வயதில் நெஞ்சு ஆபரேஷனுக்கு மற்றவர்கள் கொடுத்த ரத்தத்தில் பிழைத்தவர். அந்தக் கடனைத் தன் காலம் முழுக்க அடைத்தார். 24 லட்சம் குழந்தைகளுக்கு உதவியது அவருடைய தானம் என்கிறார்கள். 2025 பிப்ரவரியில் 88 வயதில் காலமானார்.

ஆகவே, நண்பர்களே, செய்ய வேண்டியவை இவ்வளவுதான்.

கர்ப்பம் உறுதியானதும் ரத்த வகை பாருங்கள். நெகட்டிவ் என்றால் கணவருக்கும் பாருங்கள். அவரும் நெகட்டிவ் என்றால் இந்தப் பயம் இல்லை.

கணவர் பாசிட்டிவ் என்றால் ஐசிடி என்ற ரத்தப் பரிசோதனை. ஆன்டிபாடி இருக்கிறதா என்று சொல்லிவிடும். இல்லை என்றால் 28-ஆம் வாரம் ஒரு ஆன்டி-டி. பிறந்த குழந்தை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று.

கருச்சிதைவு, கருக்கலைப்பு, குழாயில் கர்ப்பம், இடையில் ரத்தப்போக்கு, வயிற்றில் அடி. இவற்றிலும் ஊசி தேவைப்படும். மெடிக்கலில் மாத்திரை வாங்கி ரகசியமாகக் கலைத்துக்கொள்ளும் பெண்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஐசிடி பாசிட்டிவ் வந்துவிட்டால் அதற்கப்புறம் இந்த ஊசியால் பலன் இல்லை. பயந்து வீட்டில் உட்காராமல், டாப்ளர் பார்க்கும் மையத்துக்கு உடனே போங்கள். நீர் கோக்கும் வரை காத்திருக்கக் கூடாது.

கோமதியம்மன் சந்நிதியில் புற்றுமண் வாங்கி நெற்றியில் வைத்துவிட்டு ஸ்கேனுக்கு வரும் தாய்மார்கள் எங்கள் ஊரில் நிறைய. தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். தேதி தவறாமல் வாருங்கள், அது போதும்.

அப்புறம், நீங்கள் ஓ நெகட்டிவ் என்றால் உங்கள் எண்ணை ரத்த வங்கியில் கொடுத்து வையுங்கள்.

அந்தப் பையனுக்கு இப்போது நான்கு வயது. அங்கன்வாடிக்குப் போகிறான். போன மாதம் சளிக்காகக் கூட்டி வந்தார்கள். என் ஸ்டெதஸ்கோப்பைப் பிடுங்கி ஆச்சி நெஞ்சில் வைத்து, "ஆச்சி, மூச்ச இழுத்து விடு" என்றான்.

"புத்தி எப்படி ஆச்சி?" என்று கேட்டேன்.

"எங்களத் தூக்கிச் சாப்பிட்டுருவான் சார்" என்றார்.



அரசு மருத்துவர், எம்பிபிஎஸ்
சங்கரன்கோவில்